நிதித் தீர்மானங்களில் கையெழுத்திடும் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் கூட்டங்களுக்கு வரும் நிதிக் கோப்புகளைத் தயாரிக்கும் பக்கத்தில் நீண்ட காலம் வேலை பார்த்த ஒருவரின் மடல் இது. எந்த ஒரு நிறுவனத்தையும் குறிவைத்து எழுதவில்லை. தொழில் எதுவானாலும் இந்தக் கோப்புகள் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. முதலில் ஒரு பக்கச் சுருக்கம், அப்புறம் நிகர நிகழ்கால மதிப்பு (வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பில் போட்டதைக் கழித்தது), உள் வருவாய் விகிதம் (போட்ட பணத்துக்குத் திட்டம் ஆண்டுக்குத் தரும் சதவீதம்), கடைசியில் நல்லபடி நடந்தால், சுமாராக நடந்தால், மோசமாக நடந்தால் என்று மூன்று கணக்குகள். (மோசமான கணக்கிலும் திட்டம் லாபம்தான் காட்டும். காட்டாவிட்டால் அது உங்கள் மேசைவரை வந்திருக்காது.)

கடன் வாங்குவது, பங்குகளைத் திரும்ப வாங்குவது, முதலீடுகளுக்குக் குறைந்தபட்ச வருவாய் விகிதம் வைப்பது, சப்ளையருக்குப் பணம் கொடுக்கும் நாட்களை நீட்டுவது என எதை எடுத்துக்கொண்டாலும், நிதித் துறையோடு முடிந்துபோகும் முடிவு என்று ஒன்று கிடையாது. கொள்முதல், உற்பத்தி, விற்பனை, ஆராய்ச்சி என எல்லா மேசைகளுக்கும் அது ஓர் உத்தரவாகப் போய்ச் சேருகிறது. அங்கே இருப்பவர்கள் அதற்கு ஏற்பத் தங்கள் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். நிறுவனத்தின் மதிப்பு கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஆனால் உங்கள் முன்னால் வைக்கப்படும் தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைக் கேட்டு வாங்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இது புதுச் சரக்கு ஒன்றும் இல்லை. ஃபிராங்கோ மோதிக்லியானியும் மெர்ட்டன் மில்லரும் 1958-இல் எழுதிய கட்டுரையிலேயே இதற்கான அடித்தளம் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் மதிப்பு அதன் சொத்துகள் ஈட்டப்போகும் பணத்தைப் பொறுத்தது. அந்தப் பணத்தில் கடன் கொடுத்தவருக்கு எவ்வளவு, பங்குதாரருக்கு எவ்வளவு என்று பிரிப்பதால் மட்டும் மொத்தம் கூடிவிடாது என்றார்கள். வரி இல்லை, திவால் செலவு இல்லை, எல்லோருக்கும் ஒரே தகவல் தெரியும் என்ற நிபந்தனைகளோடுதான் சொன்னார்கள். 1961-இல் டிவிடெண்டுக்கும் இதே வாதத்தை நீட்டினார்கள். 1963-இல் வரியைச் சேர்த்துக்கொண்டு தங்கள் கணக்கைத் திருத்தினார்கள். மோதிக்லியானிக்கு 1985-லும் மில்லருக்கு 1990-லும் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இதைப் படித்த நிதித் துறைக்காரர்களில் பலர், நிஜ உலகத்தில் அந்த நிபந்தனைகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டு ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அந்தத் தேற்றம் பயன்படுவது வேறு விதத்தில். கடனையும் பங்கையும் மாற்றி அமைத்ததால் மதிப்பு கூடிவிட்டது என்று யாராவது சொன்னால், எந்த வழியாகக் கூடியது என்று காட்ட வேண்டிய பொறுப்பை அது அவர் தலையில் வைக்கிறது. வட்டிக்கு வரிச் சலுகை கிடைத்ததா? சரி, எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். மற்ற வழிகள் எல்லாம் மனிதர்கள் சம்பந்தப்பட்டவை. தவணை நெருக்குவதால் மேலாளர்கள் வீண்செலவைக் குறைப்பார்கள். அல்லது நல்ல திட்டத்தைக் கைவிடுவார்கள். சப்ளையர் பயந்துபோய் முன்பணம் கேட்பார். வாடிக்கையாளர், இவர்கள் பத்து வருடம் கழித்து உதிரிபாகம் தருவார்களா என்று யோசிப்பார். இதில் எது நடக்கும் என்று சொல்லாமல் 'உகந்த மூலதன அமைப்பு' என்று தலைப்புப் போட்டு வருகிற தாள் பாதித் தாள்தான்.

ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். லாபம் 100, பங்குகள் 10. ஒரு பங்குக்கு லாபம் 10, சந்தை விலை 100. வரி போக 6 சதவீதம் விழுகிற வட்டிக்கு 200 கடன் வாங்கி இரண்டு பங்குகளைத் திரும்ப வாங்குகிறோம். வட்டி 12 போக லாபம் 88, பங்குகள் 8. ஒரு பங்குக்கு லாபம் 11 ஆகிவிட்டது, பத்து சதவீத வளர்ச்சி! தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் கூடுதலாக ஓடவில்லை, ஒரு வாடிக்கையாளர் கூடுதலாக வரவில்லை. பங்குதாரர் சுமக்கும் ஆபத்துதான் கூடியிருக்கிறது. பங்கு திரும்ப வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கையில் பணம் இருந்து, போட நல்ல திட்டம் இல்லாமல், பங்கும் மலிவாகக் கிடைத்தால் அது நியாயமான முடிவு. தலைமை நிர்வாகியின் போனஸ் 'ஒரு பங்குக்கு லாபம்' என்ற எண்ணோடு கட்டப்பட்டிருக்கும்போது இந்தத் தீர்மானம் வந்தால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

இனி, குறைந்தபட்ச வருவாய் விகிதம், அதாவது அனுமதி பெற ஒரு திட்டம் காட்ட வேண்டிய சதவீதம். உங்கள் கூட்டத்தில் இது ஐந்து நிமிட விஷயம். "இந்த ஆண்டும் 12 சதவீதமே தொடரலாம்" என்று ஒரு வரி, எல்லோரும் தலையசைப்பு, அடுத்த பொருள். ஆனால் ஒரு நிறுவனம் என்னவாக வளரப்போகிறது என்பதை இந்த ஒரு எண் தீர்மானிக்கும் அளவுக்கு உங்கள் விஷன் அறிக்கைகள் தீர்மானிப்பதில்லை.

இரண்டு பிரிவுகள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒன்று நீண்டகால ஒப்பந்தங்களோடு அமைதியாக ஓடும் பிரிவு. அதன் ஆபத்துக்கு ஏற்ற மூலதன விலை, அதாவது பணம் போட்டவர்கள் எதிர்பார்க்கும் வருவாய், 8 சதவீதம். இன்னொன்று ஏறினால் மலை, இறங்கினால் மடு என்று ஓடும் பிரிவு, அதற்கு 16. எல்லோருக்கும் பொதுவாக 12 என்று வைத்தால் என்ன ஆகும்? அமைதியான பிரிவு 10 சதவீதம் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தால் 'தகுதியில்லை' என்று திரும்பிப் போகும், அது உண்மையில் மதிப்பைக் கூட்டும் திட்டமாக இருந்தாலும். ஆபத்தான பிரிவு 14 சதவீதத்தோடு வந்தால் கைதட்டி அனுமதிப்பீர்கள், அது மதிப்பைக் கரைக்கும் திட்டமாக இருந்தாலும். பத்து ஆண்டுகள் இப்படியே போனால், யாரும் தீர்மானம் போடாமலேயே நிறுவனம் ஆபத்தான தொழிலின் பக்கம் சாய்ந்திருக்கும். ஜான் கிரஹாமும் கேம்பெல் ஹார்வியும் 392 நிதித் தலைவர்களிடம் கேட்டு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஆபத்து வேறுபடும் வெளிநாட்டுத் திட்டத்துக்கும் நிறுவனத்தின் பொது விகிதத்தையே பயன்படுத்துவோம் என்று பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்னார்கள். ஆக, இது பாடப்புத்தகத்துக்காக ஜோடித்த பிரச்சினை இல்லை.

அந்த எண் கீழே போய்ச் சேர்ந்ததும் நடப்பதையும் சொல்ல வேண்டும். திட்டத்தைத் தயாரிக்கும் மேலாளர் எக்செல்லைத் திறக்கிறார். எல்லா உண்மைக் கணக்கும் போட்டால் 10.8 வருகிறது. தேவை 12. மூன்றாம் ஆண்டிலிருந்து விற்பனை வளர்ச்சியை 4 சதவீதத்திலிருந்து 6 ஆக்குகிறார், 11.5. பராமரிப்புச் செலவைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறார், 11.8. கடைசி ஆண்டின் இறுதி மதிப்பில் (அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்காகச் சேர்க்கும் தொகை) ஒரு கை வைக்கிறார், 12.3 ஆகிவிட்டது, சேமித்துவிடுகிறார். இதை மோசடி என்று சொல்ல மனம் வரவில்லை. மாற்றிய ஒவ்வொரு எண்ணுக்கும் அவரிடம் ஒரு நியாயம் இருக்கும். உங்களிடம் வரும் திட்டங்களின் வருவாய் விகிதங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் குறைந்தபட்ச விகிதத்துக்கு ஒரு புள்ளி, ஒன்றரைப் புள்ளி மேலே நெருக்கியடித்து நிற்கும். இது தெரிந்ததும் சில குழுக்கள் விகிதத்தை 12-இலிருந்து 15 ஆக உயர்த்தும். கணக்குகளும் 15.3 ஆகும். நேர்மையாகக் கணக்குப் போடுபவரின் திட்டம் மட்டும் வெளியே நிற்கும்.

விகிதத்தையே போடாமல் விடுவதும் நடந்திருக்கிறது. லாக்ஹீட் நிறுவனம் டிரைஸ்டார் பயணிகள் விமானத்தை உருவாக்கும்போது பணமுடையில் சிக்கி, 1971-இல் அமெரிக்க அரசிடம் 25 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கேட்டது. சுமார் 200 விமானங்கள் விற்றால் போட்டது திரும்பிவிடும் என்று நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னார்கள். போட்ட பணம் இத்தனை ஆண்டுகள் முடங்கிக் கிடப்பதற்கான விலை அந்தக் கணக்கில் இல்லை. 1973-இல் உவே ரைன்ஹார்ட் என்ற பொருளாதார அறிஞர் அந்த விலையையும் சேர்த்துப் பார்த்தபோது, தேவைப்படும் எண்ணிக்கை 500-ஐ ஒட்டி வந்தது. கடைசியில் கட்டியது 250 விமானங்கள். சொன்ன இலக்கைத் தாண்டியும் திட்டம் பெரும் நஷ்டம். பொறியியலில் அது நல்ல விமானம் என்றுதான் பெயர். அந்தக் குழுவின் உழைப்பைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

சப்ளையருக்கும் கையிருப்புச் சரக்குக்கும் வருகிறேன். எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இங்கேதான்.

நடைமுறை மூலதனத்தை, அதாவது அன்றாடத் தொழிலை ஓட்ட முடங்கிக் கிடக்கும் பணத்தை, குறைப்பது என்றால் எல்லோருக்கும் பிடிக்கும். இலவசப் பணம் மாதிரி தெரியும். ஆண்டுக்கு 100 கோடிக்குப் பொருள் வாங்கும் நிறுவனம், பணம் கொடுக்கும் அவகாசத்தை 30 நாளிலிருந்து 90 நாளாக நீட்டினால் சுமார் 16.4 கோடி ரொக்கம் கையில் தங்கும். 6 சதவீத வட்டிக்குக் கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு ஒரு கோடி மிச்சம். தாள் அதோடு முடிந்துவிடும். இப்போது மேசையின் அந்தப் பக்கம் உட்காருங்கள். சப்ளையர் சின்ன நிறுவனம். அவருக்கு வங்கி 12 சதவீதத்துக்குத்தான் கடன் தரும். அதே 16.4 கோடியை அவர் 60 நாள் கூடுதலாகச் சுமக்க ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கோடி செலவாகும். நமக்கு ஒரு கோடி மிச்சமாக, அவருக்கு இரண்டு கோடி செலவு. இருவரையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கோடி காற்றில் போயிருக்கிறது. கடன் மலிவாகக் கிடைப்பவரிடமிருந்து சுமையை எடுத்து, கடன் விலை உயர்ந்தவர் தலையில் வைத்ததன் பலன்.

அவர் சும்மா இருப்பாரா? அடுத்த ஒப்பந்தத்தில் விலையை இரண்டு சதவீதம் ஏற்றுவார். முடியாவிட்டால் மூலப்பொருளில் கை வைப்பார், அல்லது நமக்காக வைத்திருந்த கூடுதல் இருப்பைக் குறைப்பார். பொருள் தாமதமாக வரும். உற்பத்திப் பிரிவு ஒரு நாள் வரிசையை நிறுத்தும். அந்த நஷ்டம் உற்பத்திப் பிரிவின் கணக்கில் விழும், மிச்சமான ஒரு கோடி நிதிப் பிரிவின் சாதனையாகப் பதிவாகும். இரண்டும் ஒரே தீர்மானத்தின் இரு முனைகள் என்பதை யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. இணைத்துப் பார்க்கக்கூடிய ஒரே இடம் உங்கள் கூட்டம்தான்.

இதே கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும். பத்து நாளுக்குள் கொடுத்தால் 2 சதவீதம் கழிவு, இல்லாவிட்டால் 30 நாளில் முழுத்தொகை என்று சப்ளையர் சொல்கிறார். கழிவு வேண்டாம் என்று விட்டுவிட்டு இருபது நாள் கூடுதலாகப் பணத்தை வைத்துக்கொண்டால், அந்த இருபது நாளுக்குக் கொடுக்கும் விலை ஆண்டுக்கு ஏறக்குறைய 37 சதவீத வட்டி. வங்கியில் இப்படி ஒரு கடனை வாங்க நீங்கள் சம்மதிக்கவே மாட்டீர்கள். ஆனால் 'பணத்தைக் கடைசி நாள்வரை பிடித்து வை' என்று மேலிருந்து ஒரு வரி உத்தரவு போனால், கணக்குப் பிரிவு தினமும் இதைத்தான் செய்யும்.

பணத்தை முன்கூட்டியே கொடுத்து மதிப்பைக் கூட்டியவர்களும் உண்டு. 2005 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஹைனிக்ஸ், இன்டெல், மைக்ரான், சாம்சங், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்களோடு 2010 வரைக்கும் ஃபிளாஷ் மெமரி கிடைக்க ஒப்பந்தம் போட்டது. மொத்தம் 125 கோடி டாலரை முன்பணமாகத் தருவதாக அறிவித்தது. நடைமுறை மூலதனத்தை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இது கிறுக்குத்தனம். ஆனால் வடிவமைப்பாளர்கள் அந்த மெமரி கிடைக்கும் என்ற தைரியத்தில் கருவிகளைத் திட்டமிட முடிந்தது. போட்டியாளர்கள் கிடைத்ததை வாங்கவேண்டிய நிலையில் இருந்தார்கள். அப்போது ஐபாட் நானோ வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஐபோன் 2007-இல் வந்தது. கஜானாவில் எடுத்த ஒரு முடிவு வடிவமைப்பு மேசையில் பலித்தது. அந்த 125 கோடியை வங்கியில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் வட்டியோடு இதை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

எதிர்ப்பக்கத்துக்கு பிரிட்டனின் கரிலியன். கட்டுமானமும் அரசுச் சேவை ஒப்பந்தங்களும் எடுத்து நடத்திய பெரிய நிறுவனம். டிவிடெண்டை ஆண்டுதோறும் உயர்த்திக்கொண்டே வந்தது. துணை ஒப்பந்ததாரர்களுக்குப் பணம் கொடுக்கும் அவகாசத்தை 120 நாள்வரை நீட்டியிருந்தது; முன்னதாக வேண்டும் என்றால் வங்கி வழியே கழிவு கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னது. ஓய்வூதிய நிதியில் பெரும் பற்றாக்குறை இருந்தது. 2017 ஜூலையில் ஒப்பந்தங்களில் 84.5 கோடி பவுண்டு இழப்பை எழுதிக்கழித்தது. 2018 ஜனவரி 15 அன்று விழுந்தபோது கையில் ரொக்கம் வெறும் 2.9 கோடி பவுண்டு. பொறுப்புகள் சுமார் 700 கோடி. சப்ளையர்கள், துணை ஒப்பந்ததாரர்கள் என்று சுமார் 30,000 பேருக்குத் தரவேண்டிய பாக்கி சுமார் 200 கோடி பவுண்டு. அந்த ஆண்டு மே மாதம் வந்த நாடாளுமன்றக் குழு அறிக்கை இயக்குநர்களைக் கடுமையாகச் சாடியது. டிவிடெண்ட், சப்ளையர் அவகாசம், ஓய்வூதியம் மூன்றும் அந்தக் குழுவின் முன்னால் தனித்தனித் தாள்களாகவே வந்திருக்கும் என்பது என் ஊகம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றையும் நியாயப்படுத்திவிடலாம்.

கடனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கழுத்துவரை கடன் இருக்கும்போது நல்ல திட்டத்தைக்கூட நிறுவனம் கைவிடும், ஏனென்றால் அதன் பலன் முதலில் கடன்காரருக்குத்தான் போகும் என்று 1977-இல் ஸ்டூவர்ட் மையர்ஸ் விளக்கினார். டாய்ஸ் ஆர் அஸ் கதை இதற்கு நேரான உதாரணம். 2005-இல் முதலீட்டு நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 660 கோடி டாலருக்கு அதை வாங்கின, பெரும்பகுதி கடனில். அந்தக் கடன் பொம்மைக் கடையின் தலையிலேயே விழுந்தது. வட்டிக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 40 கோடி டாலர். இணைய விற்பனையும் பெரிய சங்கிலிக் கடைகளும் நெருக்கிய அதே காலத்தில் கடைகளைப் புதுப்பிக்க, இணையத்தில் முதலீடு செய்ய வேண்டிய பணம் வட்டியாகப் போய்க்கொண்டிருந்தது. 2017 செப்டம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டது. கடனே இல்லாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பிழைக்க முயற்சி செய்யவாவது பணம் இருந்திருக்கும். அதே கடன், நிதானமான ரொக்க வரவுள்ள, வளர இடமில்லாத தொழிலில் நன்மையும் செய்யும். வீணாகப் போகவிருந்த பணத்தை வட்டியும் தவணையும் பிடித்து நிறுத்தும் என்று மைக்கேல் ஜென்சன் 1986-இல் வாதிட்டார். ஆகவே 'கடன் நல்லதா' என்று கேட்பதில் பயனில்லை. உங்கள் தொழிலில் அடுத்த ஐந்து ஆண்டுகளில் அவசரமாகப் பணம் போட வேண்டிய இடம் வருமா, வரும்போது தவணை அதற்கு வழிவிடுமா என்று விற்பனைத் தலைவரையும் தொழில்நுட்பத் தலைவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். கடன் தாளைப் பற்றிப் பேச அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்ததை நான் பார்த்ததில்லை.

காலாண்டு இலக்கைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகவே சொல்கிறேன். கிரஹாம், ஹார்வி, ராஜ்கோபால் மூவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் 400-க்கும் மேற்பட்ட நிதி நிர்வாகிகளிடம் கேட்டார்கள். லாப இலக்கை எட்ட ஆராய்ச்சி, விளம்பரம், பராமரிப்பு போன்ற செலவுகளைக் குறைப்போம் என்றவர்கள் ஏறக்குறைய 80 சதவீதம். ஒளித்து மறைத்துச் சொல்லவில்லை, கேட்டதும் சொன்னார்கள். விற்பனைப் பிரிவில் இது எப்படித் தெரியும் என்றால், காலாண்டின் கடைசி வாரத்தில் விற்பனையாளர் வாடிக்கையாளருக்குப் போன் செய்து, அடுத்த மாதம் வாங்கவிருந்ததை இப்போதே வாங்கினால் 4 சதவீதம் குறைத்துத் தருவதாகச் சொல்வார். இரண்டு காலாண்டு போனால் வாடிக்கையாளர் பாடம் படித்துக்கொள்வார். கடைசி வாரம்வரை ஆர்டர் வராது. அப்புறம் தொழிற்சாலை இரண்டு மாதம் ஈ ஓட்டிவிட்டு, மூன்றாவது மாதம் ஓவர்டைம் கொடுத்து ஓடும். அந்த ஓவர்டைமைக் குறைக்க ஆலோசகர் ஒருவரை நியமிக்கும் தீர்மானம் உங்களிடமே வரும்.

அளவுகோலைத் தேர்ந்தெடுப்பதும் நிதி முடிவுதான். டூபாண்ட் நிறுவனத்தில் டொனால்ட்சன் பிரவுன் 1910-களில் முதலீட்டின் மீதான வருவாயை இரண்டாகப் பிரித்தார்: விற்பனையில் எத்தனை சதவீதம் லாபம், முதலீடு ஆண்டுக்கு எத்தனை முறை விற்பனையாகச் சுழல்கிறது. இரண்டையும் பெருக்கினால் வருவாய் விகிதம். பிறகு ஒவ்வொன்றையும் இன்னும் உடைத்துக்கொண்டே போகலாம், கிடங்கில் இருக்கும் சரக்குவரை. 1921-இல் அவர் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போனபோது அந்த முறையும் கூடவே போனது. கிடங்குப் பொறுப்பாளரும் தலைமை நிர்வாகியும் ஒரே மொழியில் பேச வழி செய்த அந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். நிதித் துறை மற்ற துறைகளுக்குச் செய்த உதவிகளில் இதற்கு இணை சொல்வது கஷ்டம். ஆனால் அந்த விகிதத்தையே போனஸுக்கு அளவுகோலாக வைத்தால் அது திரும்பிக் கடிக்கும். ஏற்கனவே 25 சதவீதம் ஈட்டும் பிரிவின் தலைவர், 15 சதவீதம் தரும் புதுத் திட்டத்தைத் தொடமாட்டார். மூலதன விலை 10 சதவீதமாக இருக்கும்போது நிறுவனத்துக்கு அது லாபம். அவருக்கோ சராசரி இறங்கி போனஸ் போய்விடும். மூலதன விலையைக் கழித்தபின் மிஞ்சும் தொகையை அளவுகோலாக வைத்தால் இந்தச் சிக்கலில் பாதி தீரும். மீதிப் பாதி, தேய்மானம் முடிந்த பழைய இயந்திரத்தை மாற்றாமல் ஓட்டிக்கொண்டே இருக்கும் ஆசை. அதை எந்தச் சூத்திரமும் தீர்ப்பதில்லை. யாராவது நேரில் போய் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும்.

நிறுவனங்களை வாங்குவதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. வாங்கிய முதல் நாள் காலை, எந்தப் பிரிவில் யார் எந்த வேலையை வேறு விதமாகச் செய்வார்? இதற்கு ஒருவர் பெயரோடு பதில் வராவிட்டால், தாளில் இருக்கும் கூட்டுப்பலன் (இரண்டும் சேர்வதால் கூடுதலாகக் கிடைக்கும் என்று சொல்லும் லாபம்) வெறும் எண். 2000 ஜனவரியில் ஏஓஎல் என்ற இணைய நிறுவனமும் டைம் வார்னர் என்ற ஊடக நிறுவனமும் இணைவதாக அறிவிக்கப்பட்டபோது அந்த எண்கள் பிரமாதமாக இருந்தன. 2002-ஆம் ஆண்டுக்கு அந்த நிறுவனம் காட்டிய நஷ்டம் 9,870 கோடி டாலர். செலவுக் குறைப்பையே கூட்டுப்பலனாக வைத்த இணைப்புகளும் இருக்கின்றன. கிராஃப்ட் ஹெய்ன்ஸ் என்ற உணவு நிறுவனம் 2015-இல் இணைந்தபின் ஒவ்வொரு செலவையும் பூஜ்யத்திலிருந்து நியாயப்படுத்தச் சொன்னது, லாப விகிதமும் ஏறியது. 2019 பிப்ரவரியில் கிராஃப்ட், ஆஸ்கர் மேயர் உள்ளிட்ட பிராண்டுகள் முதலியவற்றின் மதிப்பில் 1,540 கோடி டாலரை எழுதிக்கழித்து, டிவிடெண்டையும் குறைத்தது. பிராண்டுகளைக் காலத்துக்கு ஏற்ப வளர்க்காமல் விட்டுவிட்டார்கள் என்பது அப்போது பலர் வைத்த விமர்சனம். எனக்கும் அதில் உடன்பாடு உண்டு.

இதற்கெல்லாம் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். புதுக் குழு, புதுக் கொள்கை ஆவணம் எதுவும் வேண்டாம், ஏற்கனவே இருப்பதே படிக்க முடியாத அளவுக்கு இருக்கிறது. ஒவ்வொரு பெரிய நிதித் தீர்மானத்தோடும் இன்னொரு பக்கம் கேளுங்கள், அந்த முடிவால் வேலை மாறப்போகிறவர் எழுதியதாக. சப்ளையர் அவகாசம் என்றால் கொள்முதல் தலைவர் எழுதட்டும். கடன் என்றால் அடுத்த ஐந்து ஆண்டுகளில் முதலீடு கேட்கப்போகும் பிரிவுத் தலைவர். போனஸ் அளவுகோல் என்றால், அதை வைத்துக்கொண்டு தான் எப்படி ஏமாற்ற முடியும் என்று பிரிவுத் தலைவர் ஒருவரையே எழுதச் சொல்லுங்கள். சந்தோஷமாக எழுதுவார், ஏற்கனவே யோசித்து வைத்திருப்பார். நிதித் தலைவர் அந்தப் பக்கத்தைத் திருத்தக் கூடாது, பதில் எழுதலாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அனுமதித்த திட்டங்களையும் திரும்ப எடுத்துப் பாருங்கள். யார் தலையையும் கொய்வதற்காக இல்லை. தலை போகும் என்று தெரிந்தால் அடுத்த முறை கணக்கு இன்னும் அழகாக வரும், அவ்வளவுதான். சொன்ன எண்ணுக்கும் நடந்ததற்கும் இடையே எந்த ஊகம் தப்பியது என்று பார்த்தால் போதும்: விலையா, அளவா, காலமா. என் அனுபவத்தில் காலம்தான் அதிகம் தப்பும்.

நிதித் துறை மற்ற துறைகளோடு உட்கார்ந்து வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1990-களில் மெர்க் மருந்து நிறுவனத்தின் நிதித் தலைவராக இருந்த ஜூடி லெவென்ட், ஆராய்ச்சித் திட்டங்களை ஒற்றை எண்ணாகப் பார்க்காமல், ஒவ்வொரு கட்டத்திலும் தொடரலாம், நிறுத்தலாம் என்ற உரிமையுள்ள வாய்ப்புகளாக மதிப்பிட்டார். ஒரு மருந்து தோற்கும் சாத்தியம், சந்தை அளவு, காலம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் கணினி மாதிரிகளை அவரது குழு உருவாக்கியது. விஞ்ஞானிகளின் மதிப்பீடு இல்லாமல் அந்த மாதிரிகளுக்கு உள்ளே போட எண்ணே கிடையாது. பத்து ஆண்டுகளுக்கு மேல் பணம் வராத ஒரு தொழிலில், பிந்தி வரும் பணத்தின் மதிப்பைக் குறைத்துப் பார்க்கும் சாதாரணத் தள்ளுபடிக் கணக்கு சீக்கிரமே கொன்றிருக்கக்கூடிய ஆராய்ச்சிகளுக்கு இது மூச்சுவிட இடம் கொடுத்தது. தோற்கும் திட்டத்தைச் சீக்கிரம் நிறுத்தவும் இதே முறை உதவும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த கூட்டத்துக்கான கோப்பு உங்களுக்கு வந்திருக்கும், அல்லது இந்த வாரம் வரும். அதில் எங்காவது 'குறைந்தபட்ச வருவாய் விகிதம்: மாற்றமில்லை' என்ற வரி இருக்கும். அந்த விகிதம் எந்த ஆண்டு, யாரால், எந்தக் கணக்கில் வைக்கப்பட்டது என்று நிதித் தலைவரிடம் கேளுங்கள். எல்லாப் பிரிவுகளுக்கும் ஏன் ஒரே எண் என்று அடுத்ததாகக் கேளுங்கள். பதில் சொல்ல அவருக்கு ஒரு மாத அவகாசம் கொடுங்கள். நல்ல நிதித் தலைவராக இருந்தால், இந்தக் கேள்வி வராதா என்று அவரே காத்திருந்திருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் கோப்புகளைத் தயாரித்தவர்களில் ஒருவர்